இரவல் சங்கிலி

நாங்கள் காக்கா என்று கூப்பிடும் என் அண்ணன் பேராதனைக்குப் படிக்கப் போன வருடம் எனக்கு எட்டு வயது. எங்கள் கடற்கரைத் தெருவிலிருந்து சர்வகலாசாலைக்குப் போன முதல் ஆள் அவர். வாப்பா முதலாளி ஒருவரின் கரைவலையில் கயிறு இழுப்பவர். காக்காவின் சோறும் தங்குமிடமும் அரசாங்கம் மாதாமாதம் கொடுத்த உதவிப்பணத்தில்தான் நடந்தன. ஊரெல்லாம் அதைப் பெருமையாகப் பேசியது. எனக்கு அதில் ஒரு பெருமையும் இல்லை. காக்கா இல்லாத வீடு எனக்குப் பிடிக்கவேயில்லை. பின்னேரங்களில் சந்திக்குப் போய் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். இறங்குகிறவர்களில் அவர் இருக்கமாட்டார்.

உதவிப்பணம் பெறுகிறவர்கள் உண்மையிலேயே ஏழைகள்தானா என்று பார்க்க, மாவட்ட அரசாங்க அலுவலகமான கச்சேரியிலிருந்து ஓர் உத்தியோகத்தர் வீட்டுக்கு வருவதாக ஊர்த் தலைவரான விதானையார் சொல்லியனுப்பினார்.

"காசு நிண்டா புள்ள படிப்ப உட்டுட்டு ஊட்டுக்கு வரவேண்டியதுதான்" என்று வாப்பா உம்மாவிடம் கவலைப்பட்டார். அதைவிட நல்ல செய்தியை நான் அதுவரை கேட்டதில்லை.

உம்மாவும் கவலைப்பட்டார்தான். ஆனால் விருந்தாளி என்று ஒருவர் வாசலில் கால் வைத்தால் எங்கள் பெண்களுக்கு மற்றதெல்லாம் மறந்துபோகும். அரசாங்க மனிதரைப் பாயில் உட்கார வைப்பதா? வாப்பா கடலுக்குப் போனதும் முதலாளி வீட்டிலிருந்து உட்கார இரண்டு கதிரைகள் வந்தன. என் கழுத்துக்கு முதலாளி மகளின் தங்கச் சங்கிலியும் வந்தது. எங்கள் ஒரே கோழி உயிரை விட்டது.

உத்தியோகத்தர் கோழி ஆணத்தை ருசித்துச் சாப்பிட்டார். பிறகு கதிரையைப் பார்த்தார், என் கழுத்தைப் பார்த்தார்.

"இந்தச் சங்கிலி உங்கடதானா தங்கச்சி?"

"ஓம், எங்கட" என்றேன். "கதிரையும் எங்கட" என்று அவர் கேட்காததற்கும் பதில் சொன்னேன். பொய்யென்று தெரிந்தேதான் சொன்னேன். கதவுக்குப் பின்னால் நின்ற உம்மா மானத்துக்குப் பயந்து வாய் திறக்கவில்லை. உத்தியோகத்தர் எழுதிக்கொண்டு போனார்.

வாப்பா வந்ததும் உம்மா அழுதழுது எல்லாவற்றையும் சொன்னார். வாப்பா என்னை அடிக்கவில்லை. இடுப்பில் ஈரச் சாரத்தோடு ஒரு கதிரையைத் தலையில் வைத்துக்கொண்டு, மற்றக் கையால் என்னைப் பிடித்துக்கொண்டு விதானையார் வீட்டுக்கு நடந்தார். உத்தியோகத்தர் அங்கேதான் இருந்தார். தெருவே பார்த்து நிற்க, வாப்பா என் கழுத்துச் சங்கிலியைக் கழற்றி அவர் முன்னால் நீட்டினார்.

"ஐயா, இது முதலாளிர ஊட்டுச் சாமான். கதிரையும் அவங்கட. எங்கட ஊட்டில பாய்தான் இரிக்கி. திரும்ப வந்து பாருங்க."

அவர் வந்து பார்த்தார். எழுதியதை வெட்டிவிட்டு வேறு எழுதினார். உதவிப்பணம் நிற்கவில்லை. காக்கா வரவில்லை. அதன் பிறகு, உத்தியோகம் கிடைத்த பிறகும்கூட, காக்கா எங்கள் வீட்டுக்கு விருந்தாளியாகத்தான் வந்துபோனார்.

அன்று முதலாளி வீட்டில் சாமானைக் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது நான் விம்மிக்கொண்டே வந்தேன்.

"காக்கா வரணும் எண்டுதானே மகள் அப்பிடிச் சென்ன?" என்று வாப்பா கேட்டார்.

"ஓம்."

"எனக்கும் அவன் வரணும் எண்டுதான் இரிக்கி."

வாப்பா பொய் சொல்கிறார் என்றே நினைத்தேன். வரவேண்டுமென்று ஆசைப்படுகிறவர், வர இருந்த பிள்ளையைத் தானே தடுப்பாரா? மூன்று நாள் நான் அவரோடு கதைக்கவில்லை.