முப்பத்தொன்றாம் எண் வரவில்லை

அம்மாவுக்கு வீட்டில் பெயர் ரேடியோ. வைத்தவர் அப்பா, கல்யாணமான முதல் வாரத்திலேயே. காலை ஐந்தரைக்கு ஒலிபரப்பு தொடங்கிவிடும், அணைக்கிற பொத்தானை மட்டும் மாமனார் கொடுத்தனுப்ப மறந்துவிட்டார் என்பார். அம்மா இதற்கெல்லாம் கோபப்படுகிற ஆள் இல்லை. ஓசியில் கேட்பவர்கள் குறை சொல்லக் கூடாது என்று சொல்லிவிட்டு அடுத்த செய்திக்குப் போவாள்.

அவள் இறந்து ஏழு மாதம் ஆகிறது. எங்கள் கூடத்துச் சுவர்க் கடிகாரம் இருபது வருடப் பழசு. அது ஓடும்போது சத்தம் போடும் என்பது எனக்கு இப்போதுதான் தெரியும்.

அம்மா ஒரு குழந்தைகள் காப்பகத்தில் பன்னிரண்டு வருடம் வேலை பார்த்தாள். மாலை ஐந்தரைக்குள் பிள்ளைகளை அழைத்துப் போய்விட வேண்டும். தாமதமாக வரும் தாய்மாரிடம் கையெழுத்து வாங்க ஒரு நோட்டு இருந்தது. அம்மா நோட்டை நீட்டுவதற்கு முன் பேச்சுக் கொடுப்பாள். யாருக்கு வேலை போனது, யார் வீட்டுக்காரன் கை நீட்டுகிறான், யார் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது என்று தெரியாமல் நிற்கிறாள், எல்லாம் அவளிடம் வந்து சேரும். சேர்ந்து அங்கேயே நிற்கும், அதற்கு மேல் அவளால் ஒன்றும் செய்ய முடியாது. ஒருமுறை அப்படி ஒருத்தியை அழைத்துக்கொண்டு குடும்ப நல அலுவலகம் வரை போனாள். அரை நாள் காத்திருந்து திரும்பி வந்து, “அந்த மேசைக்கு அந்தப் பக்கம் உக்காரணும்” என்றாள்.

அந்தப் பக்கம் உட்கார சமூகப் பணியில் முதுகலைப் பட்டம் வேண்டும். பிறகு அரசுத் தேர்வு. வயது நாற்பத்தைந்தைத் தாண்டக் கூடாது. அம்மாவுக்கு அப்போது நாற்பத்திரண்டரை.

நான் பொறியியல் இரண்டாம் ஆண்டில் இருந்தேன். கணக்குப் போட்டுக் கொடுத்தது நான்தான். படிப்பு இரண்டு வருடம். தேர்வு வருடத்துக்கு ஒரு முறை. படிப்பு முடிந்து வரும் முதல் தேர்வன்று அவளுக்கு நாற்பத்தைந்து நிறைய ஐந்து வாரம் பாக்கி இருக்கும். அடுத்த தேர்வுக்கு வயது போய்விடும். ஆக ஒரே வாய்ப்பு, பிழைக்கு இடமே இல்லை என்றேன்.

“அஞ்சு வாரம் இருக்கேடி” என்றாள்.

சேர்ந்தது நான் படித்த அதே வளாகத்தில். சிற்றுண்டிச் சாலையில் என்னைப் பார்த்தால் பேச வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். அம்மா சொன்னதைச் சொன்னபடி செய்தாள். தட்டோடு என் மேசையைக் கடந்து போகும்போது என்னை ஏற இறங்கப் பார்த்து, “யாரு பெத்த பிள்ளையோ, சாப்பாட்டை இப்படி வீணாக்குது” என்று காற்றிடம் சொல்லிவிட்டுப் போனாள். அந்த ஆன்ட்டி யார், உன்னை ஏன் முறைக்கிறார் என்று தோழிகள் கேட்டார்கள். தெரியாது என்றேன்.

வகுப்பில் இருபத்து மூன்று பேர். இருபத்திரண்டு பேர் ஏறக்குறைய என் வயது. எல்லாருக்கும் அரசுப் பணிக்குப் போக வேண்டும். தனியாகப் பிள்ளை வளர்க்கும் பெண்களுக்கு வீடு, அடிபட்டு வருபவர்களுக்குத் தங்குமிடம், பிரசவ விடுப்பு, ஜீவனாம்சம் என்று ஆளுக்கு ஒன்றைப் பிடித்துக்கொண்டு எங்கள் கூடத்தில் வட்டமாக உட்கார்ந்து சண்டை போடுவார்கள். எல்லாருக்கும் அம்மா அக்கா. அதனால் எனக்கு அவர்கள் சித்தி முறை என்று அப்பா கணக்குச் சொன்னார்.

அவர்களில் மிகவும் சின்னவளுக்குக் கண்ணாடி என்று பெயர். தடித்த கண்ணாடி போட்டிருப்பாள், படிப்பில் புலி, ஆனால் தொலைபேசியில் முன்பின் தெரியாதவர்களிடம் பேசச் சொன்னால் பக்கத்தில் இருப்பவர் கையில் போனைத் திணித்துவிடுவாள். தொலைபேசி எடுக்கத் தெரியாமல் இந்த வேலைக்கு எப்படிப் போவது? அம்மா அவளைத் தினமும் ஒரு கடைக்குப் பேச வைத்தாள். ஆணி இருக்கிறதா, குழாய் இருக்கிறதா, என்ன அளவு. மூன்று வாரம் கழித்து இரும்புக் கடைக்காரர் அப்பாவைத் தெருவில் நிறுத்தி, வீட்டில் அப்படி என்னதான் கட்டுகிறீர்கள் என்று கேட்டார்.

வாரம் இரண்டு நாள் களப்பயிற்சி. முதல் மாதக் குறிப்பேட்டில் மேற்பார்வையாளர் இரண்டே வரி எழுதியிருந்தார். நல்ல மனம். பேசுகிறார். அப்பா அதைச் சத்தமாகப் படித்துவிட்டு, இருபது வருடமாக வாய்மொழியாகச் சொன்னது இன்று முத்திரையோடு வந்திருக்கிறது என்றார்.

இரண்டாவது மாதம் அது சிரிப்பாக இல்லை. ஒரு பெண் தன் கதையைச் சொல்லிக்கொண்டே வந்து ஓரிடத்தில் தயங்கியிருக்கிறாள். அம்மா ஆறுதலாக, எனக்கும் இப்படித்தான் என்று தொடங்கித் தன் கதையைச் சொல்லியிருக்கிறாள். அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டாள், நன்றி சொன்னாள், போனாள். மறுபடி வரவே இல்லை. அன்று மாலை அம்மா இரண்டு மணி நேரம் வாயைத் திறக்கவில்லை. அப்பா நெற்றியில் கை வைத்துப் பார்த்தார்.

அதன் பிறகு பயிற்சி. நான் மின்சுற்றுகளைப் பற்றிப் பேச வேண்டும், அம்மா குறுக்கிடாமல் கேட்க வேண்டும், கையில் ஸ்டாப்வாட்ச். முதல் நாள் நாற்பது விநாடி. படிப்பு முடியும்போது பதினெட்டு நிமிடம். மின்சுற்று பற்றி அவ்வளவு நேரம் கேட்கக் கூடியவள் எதையும் கேட்பாள் என்று அப்பா சான்று கொடுத்தார்.

எழுத்துத் தேர்வில் அம்மா தேறினாள். பாக்கி இருந்தது செய்முறைத் தேர்வு. உதவி கேட்டு வந்தவள் போல ஒரு நடிகை உட்கார்ந்திருப்பார். கால் மணி நேரம் அவரோடு பேச வேண்டும், பேசுவதை மூன்று பேர் பார்த்து மதிப்பெண் போடுவார்கள். இதில் ஒரு வதந்தி உண்டு. போன வருடம் அந்த நடிகை அறைக்கு வெளியே, நடையில், பெஞ்சில் உட்கார்ந்திருந்தாராம். கண்டுகொள்ளாமல் போனவர்களுக்கெல்லாம் அங்கேயே பூஜ்யமாம். அம்மாவின் வகுப்பு மொத்தமும் இதை நம்பியது.

தேர்வு நடந்தது குடும்ப நல அலுவலகக் கட்டடத்திலேயே, மூன்றாம் மாடியில். கீழே இருந்த நாற்காலிகளையெல்லாம் மேலே ஏற்றிவிட்டதால் அன்று அலுவலகம் பதினோரு மணிக்குத்தான் திறக்கும் என்று கதவில் ஒட்டியிருந்தார்கள். அம்மாவின் எண் முப்பத்தொன்று. பத்தேகாலுக்கு நடையில் நுழைந்தாள். கடைசி பெஞ்சில் ஒரு பெண், முப்பது வயது இருக்கும், கையில் ஒரு உறை. அதைப் பிரிப்பதும் மறுபடி மடிப்பதுமாக இருந்தாள். சுற்றி இருந்தவர்கள் குறிப்புகளைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள்.

அம்மாவுக்கு உள்ளூரச் சிரிப்பு. என்ன நடிப்பு, காசு கொடுத்துப் பார்க்கலாம் என்று நினைத்தாளாம். கற்றபடி ஒரு கை இடைவெளி விட்டு உட்கார்ந்தாள். இங்கே உட்காரலாமா என்று மட்டும் கேட்டாள். அந்தப் பெண் பேசத் தொடங்கினாள்.

பத்துப் பன்னிரண்டு நிமிடம் கழித்து அம்மா கவனித்தாள். அந்தப் பெண்ணின் ரவிக்கை முன்புறம் நனைந்துகொண்டு வந்தது. தாய்ப்பால். பாலூட்டும் நேரத்துக்குக் குழந்தை பக்கத்தில் இல்லாவிட்டால் அப்படி ஆகும். அதை நடிக்க முடியாது.

அப்போதுதான் உள்ளேயிருந்து முப்பத்தொன்று என்று கூப்பிட்டார்கள்.

இரண்டாவது முறையும் கூப்பிட்டார்கள். அந்தப் பெண் நிறுத்திவிட்டு, “உங்களையா கூப்பிடுறாங்க?” என்று கேட்டாள்.

“இல்லம்மா. நீங்க சொல்லுங்க” என்றாள் அம்மா. எண் எழுதிய சீட்டைக் கைக்குள் மடித்துக்கொண்டாள். மூன்றாவது முறை கூப்பிட்டு ஓய்ந்தார்கள்.

இதை அம்மா எங்களிடம் சொன்னபோது, ஒரு நிமிடம் இரு, போய்விட்டு வருகிறேன் என்று சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். பாதியில் நிறுத்தினால் பாக்கி வராது என்றாள்.

பையில் பயிற்சிக்கு வைத்திருந்த படிவம் இருந்தது. அதை அந்தப் பெண் சொல்லச் சொல்ல நிரப்பி, நேரம் போட்டு, பதினோரு மணிக்கு அவளோடு கீழே போய்ப் படிவத்தைக் கொடுத்து, ஓர் அதிகாரி அவளை உள்ளே அழைத்துக் கதவைச் சாத்தும்வரை நின்றுவிட்டு மேலே வந்தாள். பட்டியலில் முப்பத்தொன்றுக்கு எதிரே சிவப்பு மையில் ‘வரவில்லை’ என்று எழுதியிருந்தது.

குழுத் தலைவர் கெட்டவர் இல்லை. விதியை அவரால் மாற்ற முடியாது. ஐந்து நாளைக்குள் மேல்முறையீடு செய்யலாம், அவசர உதவியில் இருந்ததற்கு ஆதாரம் இருந்தால் மறு தேர்வு தருவார்கள் என்று அவரே வழி சொன்னார்.

ஆதாரம் இருந்தது. அம்மா கையெழுத்தில், நேரத்தோடு, கீழ்த்தளக் கோப்பில். அன்றே தேறியிருந்த கண்ணாடி, எழுதிக் கேட்டால் நகல் எடுத்துத் தருவார்கள் என்று ஓடி வந்து சொன்னாள். அன்று மாலையே உட்கார்ந்து எழுதினேன். இரண்டு பக்கம். நிமிடவாரியாக நிகழ்வுகள். இணைப்பு ஒன்று, படிவ நகல். அம்மா படித்தாள், என் ஒற்றுப்பிழைகளைத் திருத்தினாள், இணைப்பு ஒன்றைக் கோடு போட்டு அடித்தாள்.

“பேரை மறைச்சுடலாம்மா” என்றேன்.

“பேரு மட்டுமா அவ?”

“அப்ப அவங்ககிட்டயே போய்க் கேளு. உனக்காக ஒரு கையெழுத்து. மாட்டேன்னா சொல்லுவாங்க?”

“மாட்டா. கேட்டா சரின்னுதான் சொல்லுவா. அதான்டி கேக்கக் கூடாது.”

ரெண்டு வருஷம் குப்பையில போச்சு என்று கத்தினேன். அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தாள், குறுக்கிடாமல் கேட்டாள். பதினெட்டு நிமிடம் பழக்கிவிட்டது நான்தான். அப்பாவைத் துணைக்கு இழுத்தேன். அவர் லேத் பட்டறையிலிருந்து வந்து கை கழுவிக்கொண்டிருந்தார். நகத்துக்குள் இருந்த மசகைப் பார்த்துக்கொண்டே, “உங்கம்மா ஒரு விஷயத்தைச் சொல்ல மாட்டேங்குறா. என் சர்வீஸ்ல இதான் முதல் தடவை. விட்டுடு” என்றார்.

மேல்முறையீட்டை அம்மாவே சுருக்கி எழுதி அனுப்பினாள். காரணம், ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தேன். ஆதாரம், இல்லை. பதில் பத்து நாளில் வந்தது, ஒரே வரி. ஐந்து வாரமும் கரைந்தது. நாற்பத்தைந்து நிறைந்த அன்று நான் அம்மாவோடு பேசவில்லை. மொத்தம் ஒன்பது நாள் பேசவில்லை.

இரண்டு மாதம் கழித்து அதே அலுவலகத்தில் முன்மேசைக்கு ஆள் கேட்டார்கள். ஒப்பந்த வேலை. வயது வரம்பு இல்லை. பள்ளிப் படிப்பு போதும். உள்ளே வருகிறவர்களுக்குச் சீட்டு எழுதி, உட்கார வைத்து, சரியான அறைக்கு அனுப்ப வேண்டும். முதுகலைச் சான்றிதழை இணைத்தால் தகுதி அதிகம் என்று தள்ளிவிடுவார்கள் என்று அம்மா அதை விட்டுவிட்டு விண்ணப்பித்தாள். கிடைத்தது. உள்ளறையில் அதிகாரியாகக் கண்ணாடி உட்கார்ந்திருந்தாள். எல்லார் முன்னாலும் அக்கா என்பாள், மற்ற அதிகாரிகள் முறைத்தாலும். அந்த மேசைக்கு அந்தப் பக்கம் என்று அம்மா சொன்னதில் எந்த மேசை என்று சொல்லவில்லையே என்றார் அப்பா.

முதல் நாள் வேலை முடிந்து வந்தபோது நானும் அப்பாவும் கூடத்தில் தயாராக உட்கார்ந்திருந்தோம். குறைந்தது ஒன்றரை மணி நேர நிகழ்ச்சி என்று அப்பா மதிப்பிட்டிருந்தார். அம்மா செருப்பைக் கழற்றினாள்.

“பதினோரு பேர் வந்தாங்க” என்றாள்.

பிறகு அலுவலக மின்விசிறியைப் பற்றிப் பேசினாள். அது காற்றை எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறது, அதைச் சரி செய்ய வந்தவன் என்ன சொன்னான், அவன் கல்யாணம் எப்படி நின்றது. அது மட்டும் ஒன்றரை மணி நேரம்.

பதினான்கு வருடமும் அப்படித்தான். மழை பெய்த அன்று நான்கு பேர், பள்ளி திறந்த வாரம் நாற்பது. எண்ணிக்கை வரும், ஆள் வர மாட்டார்கள். தெருவில் சில பெண்கள் அம்மாவைப் பார்த்துச் சிரிப்பார்கள். யார் என்று கேட்டால் பேருந்துப் பழக்கம் என்பாள். அவள் சொன்னபடி பார்த்தால் ஊரில் பாதிப் பேர் எங்கள் பேருந்தில்தான் போனார்கள்.

கடைசியாக வேலைக்குப் போய் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. ஒன்பது பேர் என்றாள். மறுநாள் விடியற்காலையில் நெஞ்சுவலி. மருத்துவமனை வாசல்வரை பேசிக்கொண்டுதான் வந்தாள்.

மூன்றாவது வாரம் கண்ணாடி வீட்டுக்கு வந்தாள். இப்போது அலுவலகத் தலைவர் அவள்தான். அப்பா பக்கத்தில் நெடுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, தயங்கித் தயங்கி ஒரு படிவத்தை எடுத்தாள். இறந்த பணியாளரின் வீட்டில் அலுவலகம் தொடர்பான காகிதமோ குறிப்போ இல்லை என்று குடும்பத்தார் எழுதித் தர வேண்டும்.

“அக்கா விஷயத்துல இது தேவையே இல்ல. ஆனா விதி. அப்படியே கையெழுத்துப் போட்டுடு” என்றாள்.

மின்தூக்கிகளைச் சோதித்துச் சான்று தருவது என் தொழில். பார்க்காமல் கையெழுத்துப் போடுவதில்லை. அலமாரி, கைப்பைகள் ஐந்து, தையல் பெட்டி, கட்டிலுக்கு அடியில் இருந்த பெட்டிகள், புத்தகங்களின் ஒவ்வொரு பக்கமும். மூன்று மணி நேரம் ஆயிற்று. கண்ணாடி போகாமல் காத்திருந்தாள். பேருந்துச் சீட்டுகள் கிடைத்தன, மளிகைப் பட்டியல்கள், என் பழைய மதிப்பெண் பட்டியல்கள், அப்பாவின் மூக்குக் கண்ணாடி உறைகள். ஒரு பெண்ணின் பெயர்கூட எங்கும் இல்லை. ஒரு முகவரி இல்லை.

எதுவும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். தேதி போட மறந்துவிட்டேன். கண்ணாடி வாங்கிப் பார்த்து, அவளே போட்டுக்கொண்டாள்.