சோளகக் காற்றில் ஒரு கண்ணாடிக் கதவு

போன ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, புளியங்கூடலுக்கும் சுருவிலுக்கும் நடுவில் ஒரு வெட்டவெளி வயலில் நடந்தது இது.

நான் ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். மன்னாரில் மீன் பெட்டி சுமந்தேன், வவுனியாவில் சீமெந்துக் கல் அரிந்தேன், பஸ் நிலையங்களில் படுத்தேன். அப்படியே அலைந்து யாழ்ப்பாணத்துத் தீவுப் பக்கம் வந்தபோது, புளியங்கூடலில் வயல் செய்யும் ஒரு அக்கா தன் உழவு இயந்திரத்தை ஓட்டத் தந்தார். வெளிநாட்டில் இருக்கும் அவருடைய தம்பி வாங்கிக் கொடுத்தது. ஓட்டுபவரைச் சுற்றிக் கண்ணாடி அறை வைத்தது.

"கதவுக் கண்ணாடி கவனம். உடைஞ்சால் வேறை எடுக்க ஏலாது. பிறகு உமக்கும் இஞ்சை வேலை இல்லை" என்று முதல் நாளே சொல்லிவிட்டார்.

அந்தக் கதவைத் திறந்தபடி தாங்கிப் பிடிக்க, காஸ் அடைத்த ஒரு தண்டு உண்டு. சொக் என்போம். அது செத்துப்போனதால் பனை மட்டையை முட்டுக்கொடுத்துத்தான் கதவைத் திறந்து வைப்போம். புதுச் சொக் வந்ததும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வயலில் நின்ற இடத்திலேயே பழையதைக் கழற்றி, புதியதின் ஒரு முனையை அறைச் சட்டத்தில் ஸ்பானரால் இறுக்கினேன். மறுமுனை சுலபம். கதவில் இருக்கும் குமிழில் வைத்து அழுத்தினால் ஏறிவிடும்.

மட்டையைத் தட்டிவிட்டேன். அந்த நொடி பார்த்துச் சோளகக் காற்று அடித்தது. கதவு என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு பின்னால் பறந்தது. எட்டிப் பிடித்தபோது கண்ணாடிக்கும் பெரிய சில்லை மூடிய மட்காட்டுக்கும் நடுவில் ஒரு சாண்கூட இல்லை. இழுத்துச் சாத்தவும் முடியாது, புதுச் சொக் விறைத்துக் கதவுக்குக் குறுக்கே நீட்டிக்கொண்டு நின்றது. துள்ளுகிற கதவில் அதன் மறுமுனையை ஏற்றவும் முடியவில்லை. கழற்றலாம் என்றால் ஸ்பானர் புல்லுக்குள் போய்விட்டது. கையை விட்டால் கண்ணாடி போச்சு.

றோட்டில் வெள்ளைச் சேட்டும் வெள்ளைச் சாரமுமாக ஒருவர் தேவாலயத்துப் பூசைக்குச் சைக்கிளில் போனார். நான் கூப்பிடவே இல்லை. சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடிவந்து கதவின் விளிம்பைப் பிடித்துத் தோளைக் கொடுத்தார்.

"விடும் தம்பி, நான் பிடிக்கிறன்."

"ஸ்பானரைத் தேடுறன் அண்ணை!"

"அது கிடக்கட்டும். ஏறி ட்றக்டரைத் திருப்பும். காத்து வாற பக்கம் கதவை வைச்சுக்கொண்டு ஆரும் வேலை செய்வினமே? கடலிலை எண்டால் முதல் படகைத் திருப்புவம், பிறகுதான் மற்றதெல்லாம்."

"நீங்கள் பிடிச்சுக்கொண்டு நிக்க எப்பிடித் திருப்புறது?"

"நிக்கேல்லை, நடக்கிறன். கலியாணக் காருக்குப் பக்கத்திலை நடக்கிற மாதிரி. ஓட்டாதையும், உருட்டும்!"

ஏறி இயந்திரத்தை இயக்கினேன். ஆகக் குறைந்த கியரில் உருட்டினேன். அவர் கதவைப் பிடித்தபடி பக்கவாட்டில் நடந்தார். பெரிய சில்லு அவர் காலுக்குக் கிட்டவே உருண்டது. என் கண் அந்தக் காலை விட்டு அசையவில்லை.

"பயப்பிடாதையும், வாரும், வாரும்!"

வளைந்து முடிந்ததும் இயந்திரமே காற்றை மறைத்துக்கொண்டது. அவ்வளவு நேரமும் துள்ளிய கதவு பேசாமல் நின்றது. குதித்து இறங்கி, சொக்கின் முனையைக் குமிழில் வைத்து உள்ளங்கையால் அழுத்தினேன். டக்! இருவரும் கையை எடுத்தோம். கதவு தானாக நின்றது. சின்னப் பிள்ளைகள் மாதிரி இரண்டு பேரும் கத்தினோம்.

பிறகுதான் பார்த்தேன், அவருடைய சேட்டின் முன்பக்கம் முழுக்கக் கிறீஸ்.

"இப்பிடியே பூசைக்குப் போறியளோ அண்ணை?"

"ஓம். சாமியார் கேட்டால் கதவோடை மல்லுக்கட்டினனான் எண்டுறன்."

சிரித்துக்கொண்டே சைக்கிளை நிமிர்த்திப் போய்விட்டார். அவருடைய பெயரைக்கூட நான் கேட்கவில்லை.

அக்காவிடம் இன்னும் வேலை செய்கிறேன். இவ்வளவு காலம் ஓரிடத்தில் நான் நின்றதே இல்லை. கதவைத் திறக்கும் போதெல்லாம் சில்லுக்கு அருகில் நடந்து வந்த அந்தக் கால்கள்தான் கண்ணில் தெரியும்; முன்பின் தெரியாத என் கையை அவ்வளவு நம்பியவர் அதுவரை என் வாழ்க்கையில் ஒருவரும் இருக்கவில்லை.