தனகோடியம்மாவின் இருபது நாள் லீவு

ஆம்பூரில் அந்த ஷூ கம்பெனியில் தனகோடியம்மா எடுத்த லீவுகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். மாமியார் காரியத்துக்குப் போனவரையே பாதியில் ஜீப் அனுப்பிக் கூட்டிவந்த புண்ணியவான்கள் அவர்கள். காரணம், வெளிநாட்டு வியாபாரிகள் அனுப்பும் தரக் குறிப்புகள். ஆயிரத்து நூறு பக்கம். தோல் எவ்வளவு தடிமன், எந்தப் பசை கூடாது, எல்லாம் அதில்தான் இருந்தது. எது எந்தப் பக்கத்தில் என்பது தனகோடியம்மாவுக்கு மட்டும்தான் தெரியும். ஃபைல் பார்க்கும் குமாஸ்தாவாகச் சேர்ந்தவர், பதினோரு வருடத்தில் அவரே ஃபைலாகிவிட்டார்.

2002இல் அந்தக் குறிப்புகள் சீடியில் வர ஆரம்பித்தன. அவற்றைத் திரையில் காட்டும் மென்பொருளை எழுதும் வேலை, சத்துவாச்சாரியில் மூன்றே பேர் இருந்த எங்கள் ஆபீஸுக்கு வந்தது. அதில் தேடும் வசதி என் பொறுப்பு. வார்த்தையை அடித்தால் அது வரும் பக்கங்களை எல்லாம் காட்ட வேண்டும்.

“சீக்கிரம் முட்ச்சுக் குடும்மா ரெனிட்டா. பொண்ணுக்குத் தலைப்பிரசவம். பக்கத்துல நான் இல்லன்னா எப்டி?” என்று தனகோடியம்மா கெஞ்சினார். மகள் விரிஞ்சிபுரத்துத் தாய்வீட்டுக்கு வந்துவிட்டாள். மேனேஜர் நிசார் அஹமதோ, கம்ப்யூட்டர் தேடிக் காட்டும்வரை அந்த இருபது நாள் லீவு மனுவில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தார்.

சோதனை நாளன்று நிசார் முதலில் கேட்டது ‘ஹீல் கிரிப்’. குதிகால் வழுக்காமலிருக்க ஷூவுக்குள் வைக்கும் பட்டை. அடித்தேன். நான்கே இடம் என்றது திரை.

“இன்னாம்மா இது? நானூத்துப் பன்னெண்டாம் பக்கத்துலயும் கீதே,” என்றார் தனகோடியம்மா.

நிசார் மனுவை இழுப்பறைக்குள் போட்டுவிட்டார். “இருக்கறத இல்லன்னு சொல்ற மிஷின நம்பி நான் தோல் வெட்ட முடியாதும்மா.”

என் நிரலில் தப்பு என்று யார் சொன்னாலும் எனக்குச் சுள்ளென்று வரும். சீடியில்தான் கோளாறு என்று சாதித்தேன். தனகோடியம்மா வாதாடவில்லை. அந்தப் பக்கத்தைத் திறந்து திரையில் விரலை வைத்தார்.

“தோ பாரு. ஹீல் இந்த வரில முடியுது, கிரிப் அடுத்த வரில கீது. நான் படிக்கச்சொல்லோ கண்ணு தானா கீழ எறங்கிடுது. உன் மிஷினு வரி முடிஞ்சா நின்னுடுதா?”

நின்றுதான் விட்டது. ஒவ்வொரு வரியையும் தனித்தனியாகத் தேடும்படி எழுதியிருந்தது நான்தான். முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. அதைவிட, அந்த இழுப்பறையையே பார்த்துக்கொண்டிருந்த அவரைப் பார்க்க முடியவில்லை.

இரண்டு நாள் உட்கார்ந்து மாற்றினேன். பக்கத்தின் வரிகளையெல்லாம் ஒரே நீள வரியாகச் சேர்த்துத் தேடி, கிடைத்ததைப் பழைய இடத்திலேயே மஞ்சள் பூசிக் காட்ட வைத்தேன். அடுத்த பக்கத்துக்குத் தாவும் வார்த்தைகளுக்கும் அப்படியே.

மறுபடி ஹீல் கிரிப். ஏழு இடம் என்றது திரை. தனகோடியம்மாவுக்குத் தெரிந்தது ஐந்து. மற்ற இரண்டையும் திறந்து பார்த்தோம், இருந்தன. அவர் மனம் புண்படுமோ என்று நான் பயந்தால், மனுஷி கைதட்டிச் சிரிக்கிறார்!

“ரெண்டு எனுக்கே தெரியாது சார்! என்னை விட்ருங்க!”

நிசார் இன்னும் ஒன்பது கேட்டார். எல்லாம் கிடைத்தன. கையெழுத்துப் போட்டார். எனக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது.

லீவின் ஆறாம் நாள் பக்கத்து வீட்டு ராஜம்மாள், கம்பெனியிலிருந்து போன் என்று கூப்பிட்டாளாம். பிள்ளை பெற்ற மகளைப் பிரசவ வார்டிலிருந்து கூட்டிவந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. ஜீப் வரப்போகிறது என்றே தனகோடியம்மா நினைத்தாராம். ஓடிப்போய் ரிசீவரை எடுத்து, “இன்னா தேடணும் சார்?” என்றாராம்.

“ஒண்ணும் தேட வாணாம்மா. இங்க எல்லாம் கெடைக்குது,” என்றார் நிசார். “இன்னா கொழந்த? அம்மாவும் புள்ளையும் நல்லா கீறாங்களா?”

பதினோரு வருடத்தில் அந்தக் கம்பெனி தனகோடியம்மாவிடம் அவர் வீட்டைப் பற்றிக் கேட்ட முதல் கேள்வி அது. பதிலுக்கு முன்னால் அழுகைதான் வந்ததாம்.