அந்தக் கதவுக்கு என்னைத் தெரியும்

எங்கள் அலுவலகத்தின் இரண்டாம் மாடியில் முகத்தைப் பார்த்துத் திறக்கும் கதவு ஒன்று இருக்கிறது. நான் போய் நின்றால் பக்கத்துச் சின்னத் திரையில் என் பெயரைக் காட்டும், எழுத்துப்பிழைகூட இல்லாமல். காட்டிவிட்டுச் சிவப்பு விளக்கைப் போடும். ஆள் தெரியாமல் விரட்டினால் அது பிழை, திருத்திவிடலாம். அந்த மாதிரிப் பிழைகளைத் திருத்தித்தான் நான் முனைவர் பட்டம் வாங்கினேன். இது என்னை நன்றாகத் தெரிந்துகொண்டே விரட்டுகிற கதவு. இதைத் திருத்த என் படிப்பு போதாது.

முகத்துக்கு வயதாகும்போது எது மாறும், எது மாறாது என்பதுதான் என் ஆராய்ச்சி. நியூ ஜெர்சியில் படித்த காலத்தில், ஞாயிற்றுக்கிழமைகளில் பிரிட்ஜ்வாட்டர் கோயில் கேன்டீனுக்குப் போவேன். புளியோதரை வரிசையில் நிற்கும் அங்கிள், ஆன்ட்டிகளிடம் பழைய பாஸ்போர்ட் படம் இருக்குமா என்று கேட்டு, சம்மதக் கையெழுத்து வாங்கி, சுவரோரம் நிறுத்திப் புதுப் படம் எடுப்பேன். பழைய படத்தில் கருகருவென்று மீசையோடு ஒருவர் இருப்பார். எதிரே வழுக்கையும் தொப்பையுமாக ஒருவர் நிற்பார். இரண்டும் ஒரே ஆள் என்று கணினி சொல்ல வேண்டும். என் நிரல் பெரும்பாலும் சொல்லிவிடும். அவருடைய மனைவிதான் நம்ப மாட்டார்.

செயற்கைக்கோளுக்கு மின்னணுப் பலகை செய்யும் டெக்சாஸ் நிறுவனம் ஒன்று இந்த ஆராய்ச்சியைப் படித்துவிட்டு என்னைக் கூப்பிட்டது. மேலே போன பலகையை யாரும் கழற்றிப் பார்க்க முடியாது. அதில் ஓடும் மின்சாரத்தின் ஏற்ற இறக்கத்தை மட்டும் வைத்து, இது வயதானதால் வந்த மாற்றமா அல்லது பழுதா என்று செயற்கைக்கோள் தானே கண்டுபிடிக்க வேண்டும். முகத்துக்குச் செய்ததை மின்சாரத்துக்குச் செய்ய வேண்டும், அவ்வளவுதான். ஆசை ஆசையாக வந்து சேர்ந்தேன்.

வந்த பிறகுதான் அந்தப் பலகையை நான் பார்க்கவே கூடாது என்று சொன்னார்கள். செயற்கைக்கோள் விவகாரம் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டில் வருகிறது. குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாத ஆளிடம் அதன் வரைபடத்தைக் காட்டினால், அதை நாட்டை விட்டே அனுப்பியதாகக் கணக்கு. டெக்சாஸின் ரிச்சர்ட்சனில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாலும் சட்டத்தின் கண்ணுக்கு நான் வெளிநாடு. கிரீன் கார்டு வரிசையில் நிற்கிறேன், இரண்டாம் வகுப்புப் படிக்கும் என் மகளுக்குக் கல்யாணம் ஆவதற்குள் வந்தால் அதிர்ஷ்டம். ஆகவே ஒரு ஏற்பாடு செய்தார்கள். பலகை இரண்டாம் மாடிக் கதவுக்குப் பின்னால் உள்ள அறையில் இருக்கும், நான் நிரலை எழுதி உள்ளே அனுப்பலாம். உள்ளேயிருந்து பாஸ் அல்லது ஃபெயில் என்ற ஒரு சொல் மட்டும் வெளியே வரும். இந்தச் சட்டத்தைக் குறை சொல்லவில்லை என்று பெருந்தன்மையாக எழுதத்தான் ஆசை. குறைதான் சொல்கிறேன்.

முதல் தடவை ஃபெயில். ஏன் என்று கேட்டால் சொல்லக் கூடாது. மாற்றி அனுப்பினேன், மறுபடியும் ஃபெயில். அதற்கு அடுத்ததும் அப்படியே. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி என்பார்கள். காட்டிலாவது மரத்தைத் தொட்டுப் பார்க்கலாம்.

என் மேலாளர் அமெரிக்கர், அதிர்ந்து பேசாதவர். கோடை முடிவதற்குள் பாஸ் ஆகாவிட்டால் பழைய முறையையே மேலே அனுப்பிவிடுவோம், உன் திட்டத்தை மூட வேண்டியிருக்கும் என்று மிகவும் வருத்தப்பட்டுச் சொன்னார். திட்டத்தை மூடினால் வேலை போகும். வேலை போனால் விசா போகும். கணவருடைய வேலை அனுமதியும் என் விசாவில்தான் தொங்குகிறது. எண்ணி இரண்டு மாதத்துக்குள் வேறு இடம் கிடைக்காவிட்டால் பக்கத்து ஊரான காப்பெலில் இருக்கும் வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு மூன்று பேரும் விமானம் ஏற வேண்டியதுதான்.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், விடை தினமும் என் காரிலேயே உட்கார்ந்து வந்தது. அறைக்குள் சோதனை செய்பவர் ஒரு தமிழர். எனக்கு வெகுகாலம் முன்பே வந்து குடியுரிமை வாங்கியவர், காப்பெலில் எங்களுக்கு அடுத்த தெரு. அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். பெட்ரோலும் டோலும் மிச்சமாகட்டும் என்று இருவரும் ஒரே காரில் போய் வந்தோம். நான் ஓட்டுவேன். அவர் பக்கத்தில் சோற்று டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

"அண்ணா, நேத்து டெஸ்ட் ரன் பண்ணீங்களா?"

"மழை வரும்போல இருக்கே."

"வானத்துல ஒரு மேகம் இல்ல."

"ஆப்ல போட்டிருந்தான்மா."

சில நாள் பொறுத்துப் பார்த்தேன். பிறகு என் புத்தி வேறு வழியில் போயிற்று. முகங்களோடு இத்தனை வருடம் குடித்தனம் நடத்தியவளுக்கு ஒரு முகத்தைப் படிக்கத் தெரியாதா? உண்மைக்குப் பக்கத்தில் எதையாவது சொன்னால் அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைப்பார் என்று கண்டுபிடித்தேன். ஒரு நாள் டோல் ரோட்டில் வண்டிகள் ஊர்ந்துகொண்டிருந்தபோது சும்மா பேசுவது போல ஆரம்பித்தேன்.

"பவர் சப்ளை ப்ராப்ளமா இருக்குமோ?"

அவர் கை சோற்று டப்பாவின் மேலேயே இருந்தது.

"இல்ல, டெம்பரேச்சரா?"

கை கண்ணாடிக்குப் போயிற்று. பாதியில் நின்றது. என்னைத் திரும்பிப் பார்த்தார். அவருக்கு அவ்வளவு கோபம் வந்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"என் மூஞ்சியப் பாத்து நீங்க கண்டுபிடிச்சா, அது நான் சொன்ன மாதிரிதாம்மா. எனக்கு அக்சஸ் கட் பண்ணிட்டாங்கன்னா வேலை போயிடும். ரெண்டு பசங்களும் காலேஜ்ல இருக்காங்க. இத மட்டும் பண்ணாதீங்க."

மறுநாள் முதல் தன் காரிலேயே போனார். சில காலைகளில் டோல் ரோட்டில் பக்கத்து லேனில் வருவார். கழுத்து பிடித்துக்கொண்டவர் போல நேராகவே பார்த்து ஓட்டுவார். அவர் செய்தது சரிதான். இருந்தாலும் அவர் மேல் கோபம் வந்தது, சட்டத்தின் மேல் வந்தது, சிரித்தபடி சிவப்பு விளக்கு பொருத்திய எவனோ ஒருவன் மேலும் வந்தது. வீட்டுக்கு வந்து அத்தனையையும் பாத்திரம் கழுவுவதில் காட்டினேன். ஒரு கண்ணாடி டம்ளர் போயிற்று.

கண்ணாடி துடைக்கப் போன கையை நான் மறந்துவிட வேண்டும் என்று தீர்மானித்தேன். அதில் கிடைத்ததை வைத்து வேலை செய்தால் அவரை மாட்டிவிட்டதாகும். ஆனால் வெப்பம்தான் எந்தச் செயற்கைக்கோளுக்கும் தலைவலி என்று கல்லூரிப் பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. வெயிலுக்கும் பூமியின் நிழலுக்கும் மாறி மாறிப் போய்க்கொண்டே இருக்கும். அவருடைய கை அசையாவிட்டாலும் வரிசைப்படி அடுத்து நான் அதைத்தான் பார்த்திருப்பேன். இதை எனக்கு நானே பல தடவை சொல்லிக்கொண்டேன்.

மாணவர்கள் வாங்கும் மலிவு விலைப் பலகைகள் நாலைந்து வாங்கினேன். ஒன்றை ஜிப் பையில் போட்டு ஃப்ரீசரில், பரோட்டா பாக்கெட்டுக்கும் துருவிய தேங்காய்க்கும் நடுவில் வைத்தேன். இன்னொன்றை வாசலில் நிறுத்திய காரின் டேஷ்போர்டில் வைத்தேன். ஆகஸ்ட் மாத டெக்சாஸில் அதைவிடச் சூடான அடுப்பு தேவையில்லை.

கணவர் ஐஸ் எடுக்கப் போனவர் அப்படியே நின்றார்.

"தேங்காய்லேர்ந்து ஒயர் வருது."

"ஆராய்ச்சி."

"ஆபீஸ்ல லேப் இல்லையா?"

"இருக்கு. எனக்கு இல்ல."

மகள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். "சோ தட் அங்கிள் நோஸ் தி ஆன்சர், அண்ட் யூ ஆர் நாட் அலௌட் டு ஆஸ்க்?" என்றாள். ஆமாம் என்றேன். "தட்ஸ் சோ அன்ஃபேர்." "அன்ஃபேர் இல்லம்மா, ரூல்" என்றேன். நியாயமாகப் பேசுகிற அம்மா மாதிரி இருக்க வேண்டும் என்பதற்காகச் சொன்னது. அவள் நம்பவில்லை, நானும்தான்.

ஃப்ரீசரிலிருந்து எடுத்த பலகையை உடனே காருக்குக் கொண்டுபோனபோதுதான் விஷயம் பிடிபட்டது. குளிரில் இருக்கும்போது என் நிரல் சரியாகச் சொன்னது, சூட்டிலும் சரியாகச் சொன்னது. குளிரிலிருந்து சூட்டுக்குப் போகும் அந்தக் கொஞ்ச நேரத்தில் மட்டும், நன்றாக இருக்கும் பலகையைப் பழுது என்று கத்தியது. தூங்கி எழுந்து வீங்கிய முகத்தோடு வருகிறவரைப் பார்த்து உடம்பு சரியில்லை என்று முடிவு கட்டுகிற ஆன்ட்டி மாதிரி. நான் அதற்கு விழித்த முகத்தையும் உறங்கிய முகத்தையும் காட்டியிருந்தேனே தவிர, எழுந்துகொண்டிருக்கும் முகத்தைக் காட்டவில்லை. பலகைகள் ஃப்ரீசருக்கும் காருக்குமாக அலைந்தன. பரோட்டா இளகிப் போயிற்று. புதிதாகப் பயிற்சி கொடுத்து நிரலை உள்ளே அனுப்பினேன்.

ஒரு பதிலும் வரவில்லை. வழக்கமாக மறுநாளே ஃபெயில் வந்துவிடும். இப்போது அதுகூட இல்லை. பள்ளிக்கூடம் திறந்துவிட்டது, கோடை முடிந்துகொண்டிருந்தது. மேலாளர் தாழ்வாரத்தில் என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்துவிட்டுப் போனார்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை கணினியைத் திறந்தால் என் கோப்புறை திறக்கவில்லை. நான் முதல் வரியிலிருந்து எழுதிய நிரல் அத்தனையும் அதில்தான். உங்களுக்கு அனுமதி இல்லை என்று வந்தது. மேலாளரைத் தேடினேன், அறையில் இல்லை. வேலையை விட்டு அனுப்புகிறவர்களுக்கு முதலில் கோப்புகளைத்தான் பூட்டுவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். கணவரை ஃபோனில் கூப்பிட்டேன்.

"லாக் பண்ணிட்டாங்க. முடிஞ்சுது."

"யாராவது சொன்னாங்களா?"

"சொல்றதுக்கு என்ன இருக்கு?"

மகளின் பள்ளிக்கூடம், வீட்டு ஒப்பந்தம், கார்க் கடன் என்று மனம் பாட்டுக்கு ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு போயிற்று. மதியம் கழிந்தபோது அண்ணா என் மேசைக்கு வந்தார். எங்களுக்குள் பேச்சு நின்று வாரங்கள் ஆகியிருந்தன. கையில் காகிதத் தட்டு, அதில் ஒரு துண்டு கேக்.

"சாப்பிடுங்க."

அந்தக் கேக்கின் தலையில் ஒன்றுமே இல்லை. மேலிருந்த ஐசிங்கைக் கத்தியால் ஒழுங்காகச் சீவி எடுத்திருந்தார். ஓரத்தில் மட்டும் நீலமாகக் கொஞ்சம் ஒட்டியிருந்தது.

"ஐசிங் எங்கண்ணா?"

"அதுல படம் போட்டிருந்தாங்க."

"என்ன படம்?"

கண்ணாடியைக் கழற்றினார். சட்டை நுனியில் துடைத்தார். இந்தத் தடவை பாதியில் நிறுத்தவில்லை, இரண்டு பக்கமும் நிதானமாகத் துடைத்து மாட்டிக்கொண்டார். பிறகு திங்கட்கிழமையிலிருந்து காரில் வரட்டுமா என்று கேட்டார். வாங்க என்றேன். போய்விட்டார்.

தோற்றுப் போன வேலைக்கு யாரும் கேக் வெட்டுவதில்லை. சீவி எடுத்தது நான் பார்க்கக் கூடாத அந்தப் பலகையின் படமாகத்தான் இருக்கும். ஃபெயில் ஆகிக்கொண்டிருந்தவரை அது என் நிரல், நான் பார்க்கலாம், திருத்தலாம், திட்டலாம். பாஸ் ஆனதும் செயற்கைக்கோளின் ஒரு பாகமாகிவிட்டது, இனி நான் பார்க்கக் கூடாது. கோப்புறையைப் பூட்டியது அதற்குத்தான், பாஸ் என்ற சொல்கூட வெளியே வராமல் போனதும் அதனால்தான். பெரிய நிம்மதிதான், மறுக்கவில்லை. ஆனால் கண்ணில் தண்ணீர் வந்தது நிம்மதியால் இல்லை, ஆத்திரத்தால். கதவுக்கு அந்தப் பக்கம் என் வேலைக்குக் கைதட்டியிருப்பார்கள். நான் இந்தப் பக்கம் பெட்டி கட்டிக்கொண்டிருந்தேன்.

கேக் வறவறவென்று இருந்தது. முழுவதையும் தின்றேன். ஓரத்து நீலத்தையும் விரலால் வழித்துத் தின்றேன். கணவர் மறுபடி கூப்பிட்டார்.

"ஓனர்கிட்ட பேசட்டுமா? லீஸ்..."

"வேணாம். பாஸ் ஆயிடுச்சு."

"ஐயோ, அப்பாடா. யாரு சொன்னாங்க?"

காலித் தட்டைப் பார்த்தேன். அதை இரண்டாக மடித்துக் குப்பைத்தொட்டியில் போட்டேன்.

"யாரும் சொல்லல" என்றேன்.