சுவரில் பிழையாக ஒட்டிய தாள்

பிள்ளைகளே, கண்டி குட்ஷெட் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் மென்பொருள் செய்யும் ஆபீஸ் ஒன்றில் நான் தேநீர் கொடுக்கிறேன். அங்கே குழுவை நடத்திய மிஸ் ஒருவரை என்னால் மறக்க முடியவில்லை. மெலிந்த உடம்பு, யாழ்ப்பாணப் பேச்சு. காலையில் எல்லோரையும் சுவருக்கு முன்னால் நிற்கவைப்பார். கதிரையில் இருந்தால் கதை நீளுமாம். சுவரில் வேலைக்கொரு மஞ்சள் தாள். சோதித்துப் பார்த்த வேலையின் தாள் மட்டுமே 'முடிந்தது' பக்கம் போகும்.

"எதில தடங்கல்? ஒளிக்காமச் சொல்லுங்கோ," என்று ஒவ்வொருவரையும் கேட்பார். கடைசியில் தன் தடங்கலையும் சொல்வார்.

ஒருமுறை ஆஸ்பத்திரி ஒன்றுக்கு மருந்தின் அளவைக் கணக்கிடும் மென்பொருள் செய்யும் வேலை. உங்களைப் போன்ற சின்னப் பிள்ளைகளுக்கான கணக்கு மட்டும் பிழைத்துக்கொண்டே இருந்தது. ஆஸ்பத்திரிக்காரர்கள் பார்க்க வந்த அன்று முதலாளி, "அந்தத் தாள முடிஞ்ச பக்கம் ஒட்டுங்க மிஸ். பொறகு திருத்திக்கலாம்," என்றார். மிஸ் ஒட்டினார். வந்தவர்கள் சந்தோஷமாகப் போனார்கள்.

மறுநாள் காலை மிஸ்ஸின் முறை வந்தது. அவர் சுவருக்குக் கிட்டப் போனார்.

"தேத்தண்ணி ஆறுது, குடிங்க மிஸ்," என்றேன்.

"பொறுங்கோ அண்ணை. தாள் ஒண்டைப் பிழையா ஒட்டிப்போட்டன்."

அதைக் கழற்றி 'நடக்கிறது' பக்கம் ஒட்டினார். எல்லோருக்கும் முன்னால் ஆஸ்பத்திரிக்கு ஃபோன் பண்ணி உண்மையைச் சொன்னார்.

"ஒரு துண்டுத் தாளுக்கு இவ்வளவு பாடா?" என்று முதலாளி கத்தினார்.

அடுத்த வாரம் மிஸ் இல்லை. அவராகப் போனாரா, அனுப்பினார்களா, எனக்குத் தெரியாது. குழு இன்றும் காலையில் நிற்கிறது. மிஸ்ஸின் இடத்துக்கு வந்த புதியவர் தடங்கலைக் கேட்கிறார், எல்லோரும் "தடங்கல் ஒண்ணுமில்ல" என்கிறார்கள். தேநீர்த் தட்டோடு நிற்கும் எனக்கு அதைக் கேட்டால்தான் பயமாக இருக்கிறது.