சைடு ஸ்டாண்டு சத்தம்

என் கணவர் சாயங்காலம் வீடு திரும்பி வண்டியை எப்படி நிறுத்துகிறார் என்பதை வைத்துத்தான் எங்கள் வீட்டில் அன்றைய பொழுது தீர்மானமாகும். சென்டர் ஸ்டாண்டு போட்டால் மனுஷன் நிதானமாக இருக்கிறார். வண்டியை ஏற்றி நிறுத்த ஒரு பொறுமை வேண்டுமே. சைடு ஸ்டாண்டைக் காலால் உதைக்கிற ‘டக்’ சத்தம் கேட்டால், அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் நான் டிவியை நிறுத்தி, வழியில் கிடப்பதை ஓரம் கட்டி, ஒரு செம்பு தண்ணீரோடு வாசலில் நிற்க வேண்டும். இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. பசுமலையில் இந்த வாடகை வீட்டுக்கு வந்த பிறகு என் காதே கற்றுக்கொண்டது.

அவருக்குச் சிம்மக்கல்லில் வெற்றிலை மொத்த வியாபாரம். வெற்றிலை யாருக்காகவும் காத்திருக்காது. முகூர்த்த நாளில் கேட்ட அளவு கிடைக்காது. ஆடி மாதத்தில் வந்த சரக்கு போகாமல் கடையிலேயே மஞ்சளாகிக் கிடக்கும். வெயில் காலத்தைக் கேட்கவே வேண்டாம். அந்தப் பாடு எனக்குத் தெரியும், தெரியாதவள் மாதிரி எழுத மாட்டேன். ஆனால் கடையில் வந்து கத்துகிறவனையும் “சொல்லுங்கண்ணே, பாத்துக்கலாம்ணே” என்று சிரித்து அனுப்பத் தெரிந்த மனுஷனுக்கு, வீட்டு வாசலில் கால் வைத்ததும் அந்த நாக்கு எங்கே போகிறது என்பதுதான் எனக்குப் புரிவதில்லை.

“மூளைன்னு ஒண்ணு இருக்கா ஒனக்கு? தண்டச்சோத்த வீட்ல வச்சுக்கிட்டு என் உசுரு போகுது.”

குழம்பில் உப்பு கம்மி, சார்ஜரை இடம் மாற்றி வைத்துவிட்டேன், இரண்டாவது தடவை அடித்தபோதுதான் போனை எடுத்தேன். காரணம் இவ்வளவுதான் இருக்கும். பதில் சொன்னால் வாயாடி. சொல்லாவிட்டால், “கல்லு கணக்கா நிக்கிறா பாரு.” கொஞ்ச நேரம் கழித்து அவரே போய்ப் பரோட்டா வாங்கி வருவார். “டென்ஷன்ல பேசிட்டேன். அத மனசுல வச்சுக்காத” என்பார். மனசில் வைக்காமல் பிரிட்ஜிலா வைப்பது? எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் பரோட்டாவைப் பிய்த்துப் போட்டுச் சால்னாவை ஊற்றிக் கொடுப்பேன். அவர் நிம்மதியாகச் சாப்பிடுவார்.

யாரிடம் சொல்வது? பக்கத்து வீட்டு அக்காவிடம் ஒருநாள் லேசாக ஆரம்பித்தேன். “குடிக்கிறாரா?” என்றார். இல்லை. “கை நீட்டுறாரா?” இல்லை. “பெறகென்னடி ஒனக்கு?” என்று துணி காயப்போடப் போய்விட்டார். நியாயந்தானே, எடுத்துக் காட்டுவதற்கு என் உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை.

பிறந்த வீட்டுக்குப் போய்விடலாம் என்றால் அது இன்னொரு முடிச்சு. சோழவந்தானில் என் அண்ணன் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கிறான். அவன் கிள்ளுகிற இலை முழுக்க என் கணவர் கடைக்குத்தான் போகிறது. எங்கள் கல்யாணமே அந்தப் பழக்கத்தில் பேசி முடித்ததுதான். நான் பெட்டியோடு போய் நின்றால் அண்ணன் இலையை எந்தக் கடையில் கொண்டுபோய் இறக்குவான்? அதோடு அம்மாவுக்கு மருமகன் என்றால் உயிர். “எம் மருமகன் அதிர்ந்து பேச மாட்டாரு” என்று தெருவெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள்.

போன வைகாசித் திருவிழாவுக்கு ஊருக்குப் போனபோது, எப்படியும் அம்மாவிடம் சொல்லிவிடுவது என்று நினைத்துத்தான் போனேன். காலையில் என்னை விட்டுவிட்டு அவர் கடைக்குப் போய்விட்டார், சாயங்காலம் வந்து கூட்டிப்போவதாக. மத்தியானம் நானும் அம்மாவும் ஈரச் சாக்கில் வெற்றிலையைக் கொட்டி, புள்ளி விழுந்ததையும் கிழிந்ததையும் ஒதுக்கிக்கொண்டிருந்தோம்.

“அம்மா, ஒண்ணு சொல்லணும்” என்றேன்.

“சொல்லு” என்றாள், நிமிராமல்.

வெளியே ஒரு வண்டி வந்து நின்றது. டக்.

அடுத்து நான் என்ன செய்தேன் என்பது செய்து முடித்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. வெற்றிலையைச் சாக்கோடு சுவரோரம் இழுத்துத் தள்ளியிருந்தேன். வாசலில் கிடந்த செருப்புகளை ஜோடி சேர்த்திருந்தேன். கையில் செம்புத் தண்ணீர். உள்ளே வந்தவன் அண்ணன்.

“என்னத்தா, விருந்தாளி வந்த மாதிரி தண்ணியோட நிக்கிற?” என்று சிரித்துக்கொண்டே வாங்கிக் குடித்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போனான்.

அம்மா சிரிக்கவில்லை. சுவரோரம் தள்ளிய சாக்கையும் ஜோடி சேர்த்த செருப்புகளையும் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

“எம்புட்டு நாளாத்தா?”

“அடிக்கல்லாம் மாட்டாரும்மா. பேச்சுத்தான்.”

“நான் அதக் கேக்கல. எம்புட்டு நாளா?”

கல்யாணமான மறு மாசத்திலிருந்து என்றேன். வண்டிச் சத்தத்தையும் செம்புத் தண்ணீரையும் அழுதுகொண்டே சொன்னேன். அம்மா அதற்குப் பிறகு ஒரு இலையைக்கூடத் தொடவில்லை.

சாயங்காலம் அவர் வந்தார். சென்டர் ஸ்டாண்டு. வியாபாரம் நன்றாகப் போயிருக்க வேண்டும், கையில் அல்வாப் பொட்டலம். “வாங்க மாப்ள” என்ற அம்மா, அவர் உட்காருவதற்கு முன்பே, “இவ இங்கன கொஞ்ச நாள் இருக்கட்டும்” என்றாள். என் மணிக்கட்டை அவள் பிடித்திருந்தாள்.

“தாராளமா இருக்கட்டும் அத்த. இதுக்கெல்லாம் என்னையக் கேக்கணுமா?” சிரித்த முகம் மாறாமல் சொல்லிவிட்டு என்னைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தார்.

வெளியே அண்ணன் இலைக்கட்டை அவர் வண்டியில் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தான். “கயிறு இம்புட்டு போதுமா மாப்ள?” என்று அங்கிருந்தே கேட்டான். இருந்தால்தான் எத்தனை நாள் இருப்பேன்? திரும்பிப் போகிற அன்றைக்கு இந்தச் சிரிப்புக்கும் சேர்த்து நான்தான் வாங்கிக்கட்டிக்கொள்ள வேண்டும்.

“இல்லம்மா. நான் போயிட்டு வாரேன்” என்றேன்.

அம்மா உடனே கையை விடவில்லை. பிறகு விட்டாள். வழியெல்லாம் அவர், “அத்தைக்கு ஒம்மேல எம்புட்டுப் பாசம் பாத்தியா” என்று சந்தோஷமாகப் பேசிக்கொண்டே வண்டி ஓட்டினார்.

அன்றிலிருந்து அம்மா தினமும் போன் பண்ணுகிறாள். முன்பெல்லாம் சாப்பிட்டியா என்றுதான் ஆரம்பிப்பாள். இப்போது, “இன்னைக்கு எந்த ஸ்டாண்டு?” என்கிறாள். “சென்டர்தாம்மா” என்பேன். பாதி நாள் அது பொய்.

நேற்று அவர் வருவதற்கு முன்பே அம்மா கூப்பிட்டுவிட்டாள். கொடிக்காலுக்குத் தண்ணீர் பாய்ச்சிய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். நானும் கொஞ்சம் சிரித்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஜன்னலுக்கு வெளியே வண்டி வந்து நின்றது. டக்.

நான் “வச்சிர்றேம்மா” என்று சொல்வதற்குள், சோழவந்தானில் அம்மா பேச்சைப் பாதியில் நிறுத்திப் போனை வைத்துவிட்டாள்.