எங்கிட்ட வந்து பேசச் சொல்லு

"மாத்திரையைக் குடுத்தமா, பேச்சை மாத்தினமான்னு இரு. குரலைக் கூப்பிட்டு உக்கார வெச்சு நலம் விசாரிக்க இதென்ன விருந்தா?"

"நான் விசாரிக்கிறது குரலை இல்ல அண்ணி. அதைக் கேக்கிறவங்கள."

மனநலப் பிரிவின் மருந்து அறையில், கதவைக்கூடச் சாத்தாமல் இந்தச் சண்டை. கத்தியவர் அந்தப் பிரிவின் தலைமை நர்ஸ். பதில் சொன்ன சின்னவள் அவருடைய தம்பி பெண்டாட்டி. அவளும் அங்கேதான் நர்ஸ், கூடவே ஆய்வுப் படிப்பு. வீட்டிலும் நாத்தனார் ராஜ்யம், வேலையிலும் நாத்தனார் ராஜ்யம். ஆய்வு தேறினால் வேறு ஊர்க் கல்லூரியில் ஆசிரியர் வேலை கிடைக்கும். தப்பிக்க அந்த ஒரு வழிதான்.

கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் இங்கேயே எழுந்து போகலாம். அந்த வார்டு ஆயா எங்கள் மாடிவீடு. மிச்சம் நடந்தது இவர்கள் குடியிருந்த எங்கள் எதிர்வீட்டில். அந்த வீட்டு ஜன்னலுக்குத் திரை கிடையாது. எங்களுக்கும் வேறு வேலை கிடையாது.

வார்டில் ஒரு தையல்காரி இருந்தாள். அவள் செய்வதையெல்லாம் ஒரு குரல் சொல்லிக்கொண்டே இருக்கும். இப்போ எழுந்திருக்கிறா... இப்போ கதவைத் தொடறா... அதைக் கேட்டுக் கேட்டு அவள் தலை இடப்பக்கமே சாய்ந்துவிட்டது.

சின்னவளின் ஆய்வே இதைப் பற்றித்தான். குரல் பொய் என்று மறுக்கக் கூடாது. மெய் என்று தலையாட்டவும் கூடாது. பக்கத்தில் உட்கார்ந்து, அது என்ன சொல்கிறது என்று கேட்க வேண்டும். அவ்வளவுதான்.

ஒரு மத்தியானம் தையல்காரி காதைப் பிறாண்டி ரத்தம் வரவைத்துவிட்டாள். கட்டுப் போட்டுக்கொண்டே சின்னவள், எந்த முறையிலும் இல்லாத ஒன்றைச் சொன்னாள்.

"அதை எங்கிட்ட வந்து பேசச் சொல்லுங்க."

அழுகை நின்றது. மின்விசிறியின் கிறீச்... கிறீச்... மட்டும்.

தையல்காரியின் தலை மெதுவாக நிமிர்ந்தது. போய்விட்டது என்றாள். அன்றைக்கு அடித்துப் போட்டாற்போல் தூங்கினாள். டாக்டர்கள் பாராட்டினார்கள். நாத்தனார் முகம் சுண்டிப்போனது.

அதற்குப் பிறகுதான் சின்னவளிடம் சின்னச் சின்னதாய் ஏதோ சரியில்லை. நடைக்கூடத்தில் வலது சுவரை ஒட்டியே நடந்தாள். இடப்பக்கம் யாருக்கோ வழி விடுவதுபோல. வீட்டில் யாரும் கூப்பிடாமலே "சரி" என்றாள். நோயாளிகளுக்குச் சொல்லிக்கொடுத்ததையெல்லாம் தானே செய்து பார்த்தாள். காதில் பாட்டு. வாய்க்குள் முணுமுணுப்பு. எதுவும் எடுபடவில்லை.

அவள் செய்வதை, செய்வதற்கு முன்பே அது சொல்ல ஆரம்பித்திருந்தது.

இதை அவளே ஆயாவிடம் சொன்னாள். சொல்லும்போது தலை இடப்பக்கம் சாய்ந்திருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகல். எதிர்வீட்டில் சண்டை. எப்போதும் நாத்தனார்தான் ஆரம்பிப்பார். அன்று வலியப் போய் வம்புக்கு இழுத்தது சின்னவள். இத்தனை வருஷ சர்வீஸில் ஒரு நோயாளிக்கு என்ன கேட்கிறது என்று நீங்கள் கேட்டதுண்டா என்றாள். உங்களுக்குப் பயம், அதனால்தான் பேச்சை மாற்றுகிறீர்கள் என்றாள். தெருவே காதைத் தீட்டிக்கொண்டது.

"பயமா? எனக்கா? அம்மாம்பெரிய குரலா அது? எங்கிட்ட வந்து பேசச் சொல்லுடி, பாத்துக்கறேன்."

அடுத்த வார்த்தைக்காகக் காத்திருந்தோம்.

வரவில்லை.

சின்னவளின் தலை நிமிர்ந்தது.

குழாய் சொட்டும் சத்தம்... டொக்... டொக்...

நாத்தனார் இடப்பக்கம் திரும்பினார்.

அங்கே வெறும் சுவர்.

"யாரு?" என்றார்.

பல மாதம் கழித்து ஆயா திரைச்சீலை தைக்கக் கொடுக்கப் போனாள். அதே தையல்காரியிடம். பேச்சுவாக்கில் விஷயம் வந்தது. அந்தக் குரல் முதலில் தையல்காரியின் அக்காவிடம் இருந்ததாம். ஒரு சண்டையில், வேண்டுமென்றால் எங்கிட்ட வரச்சொல் என்று இவள் வாயைக் கொடுத்தாளாம். அக்கா இப்போது நன்றாக இருக்கிறாளாம்.

"யாராவது வாய்விட்டுக் கூப்பிட்டாத்தான் அது இடம் மாறும்" என்றாள். "வார்டுல சேர்ந்த அன்னைக்கே சின்ன சிஸ்டர்கிட்ட சொன்னேனே. நம்பாம சிரிச்சாங்க. ஆனா அவங்களுக்குத் தெரியும்."

தையல்காரிக்குப் போன மாதம் கல்யாணம் ஆனது. சின்னவளின் ஆய்வு தேறியது. புருஷனோடு கல்லூரி ஊருக்குக் குடிபோய்விட்டாள். நாத்தனார் வேலையை விட்டுவிட்டு அந்த வீட்டில் தனியாக இருக்கிறார். தம்பி அடிக்கடி போன் செய்து, அக்காவைக் கொஞ்சம் எட்டிப் பாருங்கள் என்கிறான். போகாமல் என்ன? வாசல்வரை போவோம். உள்ளே அவர் யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டிருப்பார். ஊர் வம்புக்கெல்லாம் முதல் ஆளாய் நிற்கிற நாங்கள், அந்த வாசலில் மட்டும் வாயைத் திறப்பதில்லை.